சுகசந்தியா நிதியின் நிலையான மாத வருமானம்

ஜெயசீலன் முப்பத்து மூன்று வருஷம் பாய்லர் முன்னால் நின்று சம்பாதித்தவர். பூனா பக்கம் பிம்ப்ரியில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. மருந்து எப்படித் தயாராகிறது என்று அவருக்குத் தெரியாது. அதற்கு வேண்டிய நீராவியை அனுப்புவது மட்டும்தான் அவர் வேலை. மணிக்கொரு தரம் பிரஷர் கேஜைப் பார்க்க வேண்டும், முள் எங்கே நிற்கிறது என்று லாக்புக்கில் எழுத வேண்டும், பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஷிப்டு முடிந்து அடுத்த ஆள் வந்தால், மெஷினில் என்ன கோளாறு என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டலாம். சொல்லாமல் போகிறவனை பாய்லர் ஹவுஸில் மனுஷனாகவே மதிப்பதில்லை. ஜெயசீலனை மாற்றிவிட வருகிறவர் துரைசாமி. இருபது வருஷமாக இருவரும் தினம் ஐந்து நிமிஷம்தான் பேசிக்கொண்டார்கள், அதுவும் பாய்லரைப் பற்றித்தான். ஆனாலும் அதைவிடப் பெரிய சிநேகிதம் அந்தத் தொழிற்சாலையில் வேறு எவருக்கும் வாய்க்கவில்லை.

ஐம்பத்தெட்டு வயது முடிந்து ஜெயசீலன் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, அவர் மனைவி எஸ்தர் முதல் காரியமாகக் கத்தரிக்கோலை எடுத்தாள். அவருடைய நாலு காக்கிச் சட்டையையும் அடுப்படிக்குப் பிடிதுணியாக வெட்டிப் போட்டாள்.

"இனிமே இந்த வீட்ல யாரும் காக்கி போடக் கூடாது. ஷிப்டு கிப்டுன்னு கெளம்பக் கூடாது. சொல்லிட்டேன்" என்றாள்.

தெற்கே நாசரேத்திலிருந்து பூனாவுக்குக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்த நாளிலிருந்து, புருஷனோடு சேர்ந்து ஒரு வாரம் முழுக்கக் காலைக் காப்பி குடித்தறியாதவள் அவள். ஜெயசீலனுக்கும் அதற்கு மேல் ஆசை எதுவும் இல்லை. ஆனால் ஆசைக்கும் காசு வேண்டும். கம்பெனி பென்ஷன் மாதம் இரண்டாயிரத்து எண்ணூறு. பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாமாகக் கையில் வந்தது பதினாலு லட்சம். அந்தப் பதினாலு லட்சத்திலிருந்து மாதம் ஒன்பதாயிரத்துச் சொச்சமாவது வந்தால் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம். குறைந்தால் ஏதாவது ஒரு கேட்டில் வாட்ச்மேனாக நிற்க வேண்டியதுதான். விஷயம் இவ்வளவுதான்.

இவ்வளவு சின்ன விஷயத்தைக் கெடுப்பதற்கு மும்பையில் ஒரு தலைமை அலுவலகம், பூனாவில் சிவாஜிநகரில் மூன்றாவது மாடியில் ஒரு கிளை, நூற்றுச் சொச்சம் அதிகாரிகள், நாற்பத்தாறு பக்கத்தில் ஒரு விண்ணப்பம், இத்தனையும் தேவைப்பட்டன. அந்த நிறுவனத்தின் பெயர் சுகசந்தியா மியூச்சுவல் ஃபண்ட்.

அது தொழிற்சாலை கேன்டீனுக்கே தேடி வந்தது. ரிட்டயர் ஆகிறவர்களுக்குக் கடைசி நாள் டீயும் சமோசாவும் கொடுக்கிற இடத்தில் ஒரு மேஜை போட்டு, வைஷு என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். பூனாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் அவளுக்கு விட்டு விட்டு வரும்.

"அங்கிள், டென்ஷன் எடுக்காதீங்க. இது முனிசிபல் பாண்ட் ஃபண்ட். மத்லப், அதாவது, உங்க பைசா எங்ககிட்ட வரும். நாங்க அதை நகராட்சிக்குக் கடன் குடுப்போம். நகராட்சி பைப் போடும், வட்டி குடுக்கும். அது மாசாமாசம் உங்களுக்கு. பேங்க்ல போட்டா இப்போ ஒண்ணுமே கிடைக்காது. நகராட்சி எங்கே ஓடிப்போகும், சொல்லுங்க?"

ஜெயசீலன் யோசித்துப் பார்த்தார். நடக்கவே சோம்பல்படுகிற ஒன்று ஓடிப்போய்விடும் என்று அவருக்கும் தோன்றவில்லை. "இங்கே, இங்கே, இங்கே" என்று வைஷு விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். "ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். அவர் அளந்துதான் போட்டார். சரியாகப் பதினாலு லட்சம். நிதியின் பெயர் 'நகர சேவை ஓய்வுக்கால வருமான நிதி'. மாதம் ஒன்பதாயிரத்து நானூறு வரும் என்றாள் வைஷு. நிச்சயமா என்று கேட்டார். "நிச்சயம்னு சொல்ல எங்களுக்குச் சட்டத்துல அனுமதி இல்லை அங்கிள். ஆனா நிச்சயம்" என்றாள்.

நாலு மாதம் ஒன்பதாயிரத்து நானூறு வந்தது. நாலு மாதமும் கோர்டேவாடியில் அந்த இரண்டு அறை வீட்டில் காலை ஆறு மணிக்குக் காப்பி மணந்தது. கோர்டேவாடி, பிம்ப்ரியைத் தாண்டி நெடுஞ்சாலையோரம் இருக்கிற சின்ன நகராட்சி. ஜெயசீலன் அங்கே காப்பி குடித்துவிட்டு, கை சும்மா இருக்கமாட்டாமல், மிச்சமிருந்த பழைய லாக்புக் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் நிதியின் விலையைப் பேத்தி வயதுப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனில் பார்த்து எழுதத் தொடங்கினார். தேதி, விலை, கையெழுத்து. நிதி நிறுவனத்தைப் பொறுத்தவரை அவர் வாழ்க்கையில் செய்த ஒரே குற்றம் இதுதான்.

ஐந்தாவது மாதம் ஏழாயிரத்துத் தொள்ளாயிரம் வந்தது. லாக்புக்கில் முள் ஒரு மாதமாகவே இறங்கிக்கொண்டிருந்தது. பாய்லரில் முள் இறங்கினால் மணியடிக்க வேண்டும். இங்கே மணி எங்கே இருக்கிறது என்று தெரியாததால் அவர் பஸ் ஏறி சிவாஜிநகர் போனார்.

"ரேட் ஏறிடுச்சு அங்கிள்" என்றாள் வைஷு, துக்கம் விசாரிக்க வந்தவரிடம் சொல்வது போல. "ரிசர்வ் பேங்க் வட்டியை ஏத்திட்டாங்க."

"நல்லதுதானே தாயி? வட்டி ஏறுனா எனக்குக் கூடல்லா வரணும்?"

"இல்லை அங்கிள். நம்மகிட்ட இருக்கிறது பழைய பாண்ட். கம்மி வட்டி. இப்போ புது பாண்ட் ஜாஸ்தி வட்டியில வருது. அதனால பழசை யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டாங்க. விலை இறங்கும். சீசா மாதிரி. ஒரு பக்கம் ஏறினா இன்னொரு பக்கம் இறங்கும்."

"சரி. வெல எறங்கட்டும். நகராட்சி அதே வட்டியத்தானே குடுக்கான்? எனக்கு வர்றது ஏன் கொறைஞ்சுது?"

வைஷு இந்தக் கேள்விக்குப் பதில் கற்றுக்கொடுக்கப்படாதவள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "ஜாக்கிரதைக்காகக் குறைச்சிருக்காங்களாம்" என்றாள். யாருடைய ஜாக்கிரதைக்காக என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஆனால் அவர் கையிலிருந்த லாக்புக்கை அவள் பார்த்துவிட்டாள். தினமும் பார்க்கிறாரா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் முகம் மாறியது. உடனே ஒரு படிவத்தை எடுத்து அவர் பெயரை எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஜெயசீலனுக்கு ஓர் அழைப்பு வந்தது. 'முதலீட்டாளர் பொறுமைப் பயிற்சி முகாம். மதிய உணவு உண்டு.'

கோத்ரூடில் ஒரு கல்யாண மண்டபம். விலையைத் தினமும் பார்க்கிற வியாதியுள்ள முதலீட்டாளர்கள் நூறு பேரைக் கூட்டியிருந்தார்கள். எல்லாம் நரைத்த தலைகள். மேடையில் குத்துவிளக்கு. விளக்கேற்ற ஐந்து அதிகாரிகள், ஒருவர் ஒரு திரி வீதம். மும்பையிலிருந்து நிதியின் மேலாளர் பத்ரி வந்திருந்தார். அவருக்குப் புனேரித் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, தேங்காய் கொடுத்தார்கள். அவர் கிளை மேலாளருக்குத் தலைப்பாகை வைத்து, சால்வை போர்த்தி, தேங்காய் கொடுத்தார். பிறகு கிளை மேலாளர் மற்ற மூவருக்கும். இதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று. பணம் போட்ட நூறு பேரும் கைதட்டினார்கள்.

பத்ரி பேசியது இந்தியும் ஆங்கிலமுமாக. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"பெரியோர்களே, நீங்கள் தினமும் பார்ப்பதால்தான் விலை இறங்குகிறது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பார்க்காதவர்களுக்கு விலை இறங்கியதே தெரிவதில்லை என்று எங்கள் ஆய்வு நிரூபித்திருக்கிறது. ஆகவே கவலை வட்டி விகிதத்தில் இல்லை, உங்கள் கண்ணில் இருக்கிறது. இன்னொன்று. எல்லாம் ஏறி இறங்குகிற இந்த உலகத்தில், எங்கள் நிர்வாகக் கட்டணம் மட்டும் ஒரு பைசா ஏறியதுமில்லை, இறங்கியதுமில்லை. அதில் நிலைத்தன்மையைக் காப்பாற்றியிருக்கிறோம் என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

பிறகு எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். 'என் பணத்தை நான் அடிக்கடி பார்க்க மாட்டேன். பார்த்தாலும் கேட்க மாட்டேன். நீண்டகால நோக்கில் எல்லாம் நன்மைக்கே.' ஜெயசீலனும் கையை நீட்டினார். பள்ளிக்கூடத்தில் கை நீட்டியபோது பிரம்படி விழுந்த ஞாபகம் அவருக்கு வந்தது. சாப்பாட்டில் பூரியும் ஸ்ரீகண்டும் நன்றாகவே இருந்தன. ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று பரிமாறினார்கள். அந்தச் செலவு நிதியின் கணக்கிலிருந்துதான் எடுக்கப்பட்டது என்று ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கத்தில், எறும்பு படிக்கிற எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அதன்பின் வட்டி ஏறுவது நின்றது. ஒரு வருஷத்துக்கு மேல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. இனிமேல் காரணம் சொல்ல வழியில்லை என்று ஜெயசீலன் நம்பினார். மாதத் தொகை ஆறாயிரத்து எண்ணூற்றைம்பதாகக் குறைந்தது.

"இப்ப எதுக்கு?" என்று கேட்டார்.

"ரேட் அசையவே இல்லை அங்கிள்" என்றாள் வைஷு. "எந்தப் பக்கம் போகும்னு தெரியாம மார்க்கெட் பயந்துட்டு இருக்கு. இதுக்கு நிச்சயமின்மைன்னு பேரு."

"அப்பம் என் பணத்தக் குடுத்துரு தாயி. பேங்க்ல போட்டுக்கிடுதேன். இப்ப பேங்க்ல நல்ல வட்டி குடுக்கான்லா?"

வைஷு விண்ணப்பத்தின் நாற்பத்து மூன்றாம் பக்கத்தை எடுத்துக் காட்டினாள். ஓய்வுக்கால நிதி என்பதால் ஐந்து வருஷத்துக்குப் பணத்தை எடுக்க முடியாது. அவருடைய கையெழுத்து, அவருக்கே அழகாகத் தெரிந்தது. ஓய்வு பெற்றவனுக்கு ஓய்வுக்காலத்தில் பணம் தேவைப்படும் என்ற ஆபத்தை முன்கூட்டியே யோசித்துத் தடுத்திருந்தார்கள்.

"அதோட, உங்க பதினாலு லட்சம் இப்போ பன்னிரண்டு அறுபது. ஆனா இது பேப்பர்லதான் நஷ்டம் அங்கிள். நிஜ நஷ்டம் இல்லை."

"பேப்பர்ல நஷ்டம்னா, காய்கறிக்காரன்ட்ட பேப்பர நீட்டுனா வாங்குவானா?"

இப்படிக் கேட்டதற்காக அவர் பெயர் இன்னொரு படிவத்தில் ஏறியது. நம்பிக்கை குறைந்த முதலீட்டாளர்களை, அவர்களுடைய பணம் எங்கே வேலை செய்கிறது என்று நேரில் அழைத்துப் போய்க் காட்டுவார்களாம். அதற்கு 'சொத்துத் தரிசனம்' என்று பெயர்.

சிவாஜிநகரிலிருந்து ஏ.சி. பஸ். ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு வடாபாவ். நாற்பது பேர். முன் சீட்டில் பத்ரி. எங்கே போகிறோம் என்பது கடைசிவரை ரகசியம். பஸ் பழைய நெடுஞ்சாலையில் ஓடியது, தாபோடியைத் தாண்டியது, பிம்ப்ரியைத் தாண்டியது. ஜெயசீலனுக்கு வழி நன்றாகத் தெரிந்த வழியாக இருந்தது. பஸ் இடது பக்கம் திரும்பியது. கோர்டேவாடிக்குள் நுழைந்து, அவருடைய தெருவுக்கே வந்து, அவருடைய வீட்டுக்கு எதிரில் நின்றது.

தெருவில் ஆளுயரத்துக்கு ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் பாதியும் வெளியே பாதியுமாகக் கறுப்புக் குழாய்கள். போட்டு இரண்டு வருஷமாகிறது. ஒரு குழாய்க்குள் யாரோ வெங்காய மூட்டை அடுக்கியிருந்தார்கள். இன்னொன்றில் ஒரு நாய் குட்டி போட்டிருந்தது. பள்ளத்தின் மறுகரையில் தண்ணீர் லாரி நிற்க, ஏழெட்டுப் பெண்கள் குடத்தோடு வரிசையில். அதில் மூன்றாவதாக எஸ்தர்.

மஞ்சள் தொப்பியோடு ஏ.சி. பஸ்ஸிலிருந்து இறங்குகிற புருஷனை அவள் பார்த்தாள். குடத்தை இடுப்பிலிருந்து இறக்கினாள்.

"ஏங்க! சிவாஜிநகருக்குப் போறேன்னுல்லா போனீங்க? பஸ்ஸு புடிச்சுச் சுத்திச் சுத்தி வந்து நம்ம தெருவையா பாக்கீங்க?"

"இது நம்ம சொத்தாம் எஸ்தர்" என்றார் ஜெயசீலன்.

"எது, இந்தக் குழியா?"

பத்ரிக்குத் தமிழ்க் குரல் கேட்டு முகம் மலர்ந்துவிட்டது. தானும் தமிழ்தான், பூர்வீகம் கும்பகோணம் பக்கம் என்று சொல்லிக்கொண்டு வந்து கைகூப்பினார்.

"அம்மா, இது வெறும் குழி இல்லை. உங்க வீட்டுக்காரரோட பணத்துல வந்த குடிநீர்த் திட்டம். இந்த நகராட்சியோட கடன் பத்திரம் முழுக்க நம்ம நிதிதான் வச்சிருக்கு."

"தண்ணி எங்க?"

"தண்ணி வரலேன்னா என்ன, வட்டி வந்துண்டிருக்கே! ஒரு தவணைகூடத் தவறலை. முதலீட்டாளர் கோணத்திலிருந்து பார்த்தா இது ரொம்ப ஆரோக்கியமான குழாய்."

"வட்டிய நகராட்சி எங்கேருந்து குடுக்கு?" என்றாள் எஸ்தர். "தண்ணி வரி மூணு மடங்கு ஏத்திருக்கான். வராத தண்ணிக்கு வருஷம் நாலாயிரத்து எண்ணூறு கட்டிருக்கோம். லாரித் தண்ணிக்கு வேற தனியா அழுதுகிட்டு இருக்கோம்."

பத்ரி கையைத் தட்டினார். மற்ற முப்பத்தொன்பது பேரையும் பக்கத்தில் கூப்பிட்டார்.

"பாருங்கோ, இதுதான் இந்தத் திட்டத்தோட அழகு! இந்த அம்மா வரி கட்டறா. அந்த வரியிலேர்ந்து நகராட்சி வட்டி கட்டறது. அந்த வட்டி இந்த அம்மாவோட வீட்டுக்காரருக்கே மாசாமாசம் திரும்பி வர்றது. பணம் வெளியிலே போகவே இல்லை. குடும்பத்துக்குள்ளேயே சுத்தறது."

"நடுவுல நீங்க எதுக்கு?" என்றாள் எஸ்தர்.

"சுத்தறதுக்கு" என்றார் பத்ரி.

முப்பத்தொன்பது பேரும் பள்ளத்தை எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குழு போட்டோ எடுத்தார்கள். பஸ் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு சிவாஜிநகர் திரும்பியது. விதிப்படி ஏறிய இடத்தில்தான் இறங்கவேண்டும் என்பதால் ஜெயசீலனும் அதில் திரும்பிப் போய், டவுன் பஸ் பிடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அதே பள்ளத்தைத் தாண்டி வீட்டுக்கு வந்தார். எஸ்தர் மஞ்சள் தொப்பியை வாங்கி, அடுப்படியில் பிடிதுணியோடு சேர்த்துப் போட்டாள்.

அதற்கு அடுத்த வருஷம் வட்டி இறங்கியது. ஒரு தடவை இல்லை, வரிசையாக. சுகசந்தியா அலுவலகத்தில் பேடா விநியோகம் நடந்தது. வாசலில் ரங்கோலி. லாக்புக்கில் முள் சரசரவென்று ஏறிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு அறுபது பதினாலைத் தொட்டுத் தாண்டியது. ஜெயசீலனுக்கு நெஞ்சு நிறைந்தது. ஏறும் பக்கம் வந்துவிட்டது, இனி பழையபடி ஒன்பதாயிரத்து நானூறு என்று எஸ்தரிடம் சொன்னார். அவளும் நம்பினாள்.

அந்த மாதம் ஐயாயிரத்து அறுநூறு வந்தது.

"வட்டி இறங்கிடுச்சே அங்கிள்" என்றாள் வைஷு, வாயில் பேடாவோடு. "வட்டி இறங்கினா வருமானம் குறையும்தானே? முதிர்ந்த பாண்டெல்லாம் புதுசா போடும்போது கம்மி வட்டியிலதான் போட முடியுது."

"ஏறுனப்பவும் கொறைஞ்சுதே."

"அப்போ விலைக்காக. இப்போ வட்டிக்காக. வேற வேற காரணம் அங்கிள்."

"வெல ஏறியிருக்குல்லா? அந்த லாபத்தையாவது குடு."

"லாக் இருக்கே. இன்னும் ரெண்டு வருஷம். இதுவும் பேப்பர்லதான் லாபம். பேடா எடுத்துக்கோங்க."

பேடாவைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயசீலன் அந்த ஹாலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். இங்கே ஏணியே சறுக்குமரமாகத்தான் செய்யப்பட்டிருந்தது. கோபம் வந்தது. முப்பத்து மூன்று வருஷம் அந்த நெருப்புக்கு முன்னால் நின்றது இந்த மூன்றாவது மாடியில் ரங்கோலி போடுவதற்கா என்று வாய்விட்டுக் கேட்டார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாலில் ஏ.சி. சத்தம் அதிகம். ஐயாயிரத்து அறுநூறும் இரண்டாயிரத்து எண்ணூறும் எட்டாயிரத்து நானூறு. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில், முதன்முதலாக, கட்டடங்களின் கேட்டில் தொங்குகிற 'வாட்ச்மேன் தேவை' அட்டைகளை அவர் கண் தேடியது.

இவ்வளவு நடந்த பிறகு ஒரு விருது வராமல் இருக்குமா? மூன்று வருஷத்தில் இருபத்தேழு தடவை அலுவலகத்துக்கு வந்தும் ஒருவரையும் அடிக்காத முதலீட்டாளர் ஜெயசீலன் ஒருவர்தான் என்று கணக்கெடுப்பில் தெரிந்தது. 'ஆதர்ச முதலீட்டாளர்' என்று அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுபடி கோத்ரூட் மண்டபம், மறுபடி ஐந்து திரி. அவர் தலையில் புனேரித் தலைப்பாகையை வைத்து, சால்வை போர்த்தி, கையில் தேங்காயைத் திணித்து போட்டோ எடுத்தார்கள். எடுத்ததும், வாடகைச் சாமான் என்று தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டார்கள். சால்வையும் அடுத்த ஊர் விழாவுக்கு வேண்டுமாம். தேங்காயை மட்டும் விட்டுவிட்டார்கள். மூன்று வருஷத்தில் சொன்னபடி கைக்கு முழுசாக வந்து சேர்ந்த லாபம் அந்த ஒரு தேங்காய்தான்.

பிறகு இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். அது அவர்கள் செய்த பிசகு. ஜெயசீலன் இந்தியில் பேசினார். பாய்லர் ஹவுஸ் இந்தி, சுற்றி வளைக்காது.

"எனக்குச் சால்வை வேண்டாம். மாசாமாசம் நிலையா ஒரு தொகை வேணும். வட்டி ஏறினாலும் இறங்கினாலும் குறையாம வரணும். அது உங்களால முடியுமா, முடியாதா?"

நூறு நரைத்த தலைகள் பத்ரியைப் பார்த்தன. பத்ரி கிளை மேலாளரின் காதில் ஏதோ சொன்னார். கிளை மேலாளர் யாருக்கோ போன் போட்டார். பத்ரி மைக்கை வாங்கினார்.

"முடியும்!" என்றார். "வாடிக்கையாளர் குரலைக் கேட்கிற நிறுவனம் இது. ஜெயசீலன் அவர்களுக்கு வரும் முதல் தேதியிலிருந்து சுகசந்தியா மூலமாக மாதம் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய், நிலையான வருமானம். வட்டி விகிதம் எங்கே போனாலும் இது அசையாது. நமது சிவாஜிநகர் அலுவலகத்தின் கேட்டில் செக்யூரிட்டி பணி. பன்னிரண்டு மணி நேரம். சீருடை இலவசம்!"

கைதட்டல் இரண்டு நிமிஷம் நீடித்தது. ஜெயசீலன் தேங்காயோடு நின்றார். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். எட்டாயிரத்து நானூறு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

வீட்டில் எஸ்தர் சீருடையைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்தாள்.

"காக்கி இல்ல எஸ்தர். நீலம்" என்றார்.

அவள் சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். கத்தரிக்கோலைத் தேடுகிறாளோ என்று அவர் பயந்தார். அவள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவருக்கு அதைவிடக் கத்தரிக்கோல் தேவலை என்றிருந்தது.

சுகசந்தியாவின் புதிய விளம்பரத் தாளில் ஜெயசீலனின் படம் முதல் பக்கத்தில் வந்தது, தலைப்பாகையோடு. கீழே, 'எங்கள் முதலீட்டாளர் எங்களிடமிருந்து மாதம் 17,100 ரூபாய் பெறுகிறார்' என்று போட்டிருந்தார்கள். சம்பளத்தையும் சேர்த்த கணக்கு. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தது. நட்சத்திரத்துக்கு விளக்கம் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்தவர் எவருமில்லை.

அந்த விளம்பரத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு துரைசாமி அந்தக் கேட்டுக்கு வந்தார். போன வாரம் ரிட்டயர் ஆனவர். சட்டைப் பையில் செக், பதினாறு லட்சத்துக்கு.

நீலச் சட்டையைப் பார்த்து நின்றார். "அண்ணே! நீங்களா? இதுல பதினேழாயிரம் வருதுன்னு உங்க போட்டோவைப் போட்டிருக்கான். அதப் பாத்துத்தான நான் வந்தேன்."

ஜெயசீலன் எழுந்து நின்றார். வருகைப் பதிவேட்டை மூடி ஓரமாக வைத்தார். மேஜை டிராயரைத் திறந்து பழைய லாக்புக்கை எடுத்தார். இருபது வருஷம் தினம் நின்ற மாதிரியே இருவரும் எதிரெதிரே நின்றார்கள்.

"துரை, சார்ஜ் எடுத்துக்க" என்றார். "மெஷின்ல கோளாறு இருக்கு."

துரைசாமி தன்னையறியாமல் நிமிர்ந்து நின்று காதைக் கொடுத்தார்.

"வட்டி ஏறுனா பிரஷர் எறங்குது. வட்டி எறங்குனாலும் எறங்குது. அசையாம நின்னாலும் எறங்குது. மூணு வருஷத்து ரீடிங் இதுல இருக்கு, பாத்துக்க. சேஃப்டி வால்வ அஞ்சு வருஷத்துக்கு வெல்டு வச்சு அடைச்சிருக்கான்."

"அப்ப ஸ்டீம் எங்கதான்ணே போகுது?"

ஜெயசீலன் அண்ணாந்து காட்டினார். "மூணாவது மாடிக்கு."

துரைசாமி பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். பேனாவை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே, வழக்கம்போல 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செக்கை இன்னும் உள்ளே தள்ளிப் பட்டனைப் போட்டுக்கொண்டு, வந்த வழியே பேங்கைப் பார்த்துப் போனார்.

அன்றிலிருந்து கையில் செக்கோடு அந்தக் கேட்டுக்கு வருகிற நரைத்த தலை ஒவ்வொன்றுக்கும் ஜெயசீலன் முறைப்படி சார்ஜ் கொடுக்கலானார். மராத்திக்காரருக்கு மராத்தியில், இந்திக்காரருக்கு இந்தியில். ஒருவரையும் தடுக்கவில்லை. கோளாறைச் சொல்லாமல் உள்ளே விடக் கூடாது என்பது அவர் படித்த ஒரே தொழில் தர்மம். கேட்டவர்களில் லிஃப்ட்டில் ஏறியவர்கள் அபூர்வம்.

மூன்று மாதத்தில் சிவாஜிநகர் கிளைக்குப் புது முதலீடு நின்றுபோயிற்று. மும்பையிலிருந்து குழு வந்தது. அறுபத்திரண்டு பக்க அறிக்கை தயாராயிற்று. அமெரிக்க வட்டி விகிதம், எண்ணெய் விலை, பருவமழை, மூத்த குடிமக்களின் மனநிலை என்று பல காரணங்களை ஆராய்ந்த பத்ரி, கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு பரிந்துரை செய்திருந்தார். கேட்டிலேயே முதியவர்களிடம் அவர்கள் மொழியில் பக்குவமாகப் பேசி நம்பிக்கை ஊட்டக்கூடிய அனுபவசாலி ஒருவர் நம்மிடம் இருக்கிறார். அவரை முழுமையாகப் பயன்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை விளம்பர முகாம்களின் வாசலிலும் அவரையே நிறுத்த வேண்டும். அதற்காக மாதம் இரண்டாயிரம் கூடுதலாகத் தரலாம்.

நகர சேவை ஓய்வுக்கால வருமான நிதி தொடங்கிய நாளிலிருந்து, ஒரு முதலீட்டாளருக்கு அது கொடுத்த மாத வருமானம் ஏறியது அந்த ஒரு தடவைதான்.